கடல் திருப்பித் தந்த முருகன்

வெள்ளவத்தைச் சனம் பின்னேரத்தில கடற்கரைக்குப் போறது காத்து வாங்க. நாங்கள் குடும்பமாப் போனது குப்பை பொறுக்க. கடல் சுத்தமா இருக்கவேணும், நாடு வடிவா இருக்கவேணும் எண்ட நல்ல எண்ணம் ஒண்டும் எங்களுக்கு இருக்கேல்ல. அதை முதலே சொல்லிப்போடுறன், பேந்து ஆரும் பொன்னாடையோட வந்து ஏமாந்து போகக்கூடாது. நாங்கள் பொறுக்கினது பயத்தில.

சண்டைக் காலம். கொழும்பில எங்கயாவது குண்டு வெடிச்சா அண்டைக்கே வெள்ளவத்தையில கதவு தட்டுப்படும். வெடிக்கிறது கோட்டையில, தட்டுறது எங்கட கதவில. ஐ.சி.யில, அதுதான் அடையாள அட்டையில, யாழ்ப்பாணத்து விலாசம் இருக்கிற ஆம்பிளை எண்டா உடுத்த சாரத்தோட ஏத்திக்கொண்டு போவாங்கள். அதால நான் படுக்கிறதே நீளக் காற்சட்டையோடதான். மனிசி கேப்பா, "என்னப்பா, கலியாண வீட்டுக்கோ வெளிக்கிடுறியள்?" எண்டு. "ஜீப்பில ஏறேக்க சாரம் தடக்கும்" எண்டுவன். அவ சிரிக்கமாட்டா. எங்கட வீட்டில என்ர பகிடிக்குச் சிரிக்கிற ஒரே ஆள் நான்தான்.

நான் படிச்சது ஐஞ்சாம் வகுப்பு. ஆறுக்கும் போகத்தான் பாத்தனான், வாத்தியார் விடேல்ல. கொழும்புக்கு வந்து காலி றோட்டில ஒரு சைவக் கடையில தோசைக் கல்லுக்கு முன்னால நிண்டனான். சிங்களமும் எனக்குக் கடைச் சிங்களம்தான். பிளேன் ரீ ரெண்டு, வடை சூடாக் கிடக்கு, கையை அங்க கழுவுங்கோ, இவ்வளவும் தண்ணி மாதிரி வரும். இதுக்கு மேல ஆரும் ஒண்டைக் கேட்டா சிரிப்பன். செக் பொயின்ற்றில சிரிக்கக்கூடாது எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல, ஒருக்காச் சிரிச்சுத்தான் தெரிஞ்சுகொண்டனான்.

அப்ப நாங்கள் இருந்தது கடலுக்குப் போற ஒழுங்கையில கடைசி வீடு. அதுக்கு அங்கால ரெயில் றோட்டு, அதுக்கு அங்கால கொஞ்ச மண், பேந்து கல்லு, பேந்து கடல். மேல வீட்டுக்கார ஐயா தனிய இருந்தார். கீழ, பின்பக்கத்து அனெக்ஸில நான், மனிசி, ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். மூத்தவ ஓ.எல். சோதினை எடுக்கிற வயசு, சிங்களத்துக்கும் சேத்து ரியூசனுக்கு ஓடித் திரியிறவ. சின்னவ எதையும் உரத்துச் சொல்லுறவ. சண்டைக் காலத்தில அது நல்ல பழக்கமில்லை.

அந்த அனெக்ஸை எடுக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. தமிழ் ஆக்களின்ர வீடெண்டாலும் எங்கட ஐ.சி.யைப் பாத்தவுடன, "ஐயோ, நேற்றுத்தான் குடுத்திட்டம்" எண்டுவினம். ஒரு வீட்டில கதவுக்குள்ள இருந்தே சொன்னவை, ஆளையும் பாக்கேல்ல, ஐ.சி.யையும் பாக்கேல்ல. குரலிலயே யாழ்ப்பாணம் தெரிஞ்சிட்டுது போல. அனெக்ஸ் கிடையாட்டி லொட்ஜ்தான். லொட்ஜ் எண்டா பொலிஸ் முதல்ல பூருற இடம், அங்க ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளை வச்சுக்கொண்டு இருக்கேலாது.

வீட்டுக்கார ஐயா முந்திக் கவுண்மேந்து உத்தியோகம் பாத்தவர். சிங்களமும் இங்கிலிசும் அவற்ற வாயில சறுக்கிக்கொண்டு வரும். சாவியைத் தரேக்க ஒண்டே ஒண்டுதான் சொன்னவர்.

"தம்பி, குழாய் உடைஞ்சா நான் பொறுப்பன், சுவரில பிள்ளையள் கீறினாலும் பொறுப்பன். ஆனா உம்மால பொலிஸ் வந்து என்ர கேற்றைத் தட்டினா, அடுத்த நாள் நீர் சாமானைக் கட்டவேணும்."

"ஐயா, என்னைத் தேடி என்ர சொந்தக்காரரே வாறேல்ல, பொலிஸ் ஏன் வரப்போகுது?"

அவர் சிரிக்கேல்ல. தேங்காயை வாங்க முதல் ஆட்டிப் பாப்பினமெல்லோ, அப்பிடி என்ர மூஞ்சையைப் பாத்தவர்.

அண்டையில இருந்து எங்களை அவர் பாத்துக்கொண்டேதான் இருந்தார். காலமை வெளிய போகேக்க எங்கட வாசல்ல கிடக்கிற செருப்புகளை ஒருக்காப் பாப்பார். பின்னேரம் திரும்பிவரேக்க இன்னொருக்காப் பாப்பார். ஒருநாள் மனிசியின்ர சித்தி வந்து ரீ குடிச்சுக்கொண்டு இருக்க, மேல இருந்து குரல் வருது. "தம்பி, ஒரு சோடி கூடக் கிடக்கு." அதுக்குப் பிறகு வாற ஆக்களின்ர செருப்பை மனிசி உள்ளுக்கு எடுத்துவைக்கத் தொடங்கினா. அது தெரிஞ்சாப் பிறகு அவர் செருப்பைப் பாக்கிறதை விட்டிட்டு ஜன்னலுக்குக் கிட்ட வந்து குரலைக் கேக்கத் தொடங்கினார். நாங்கள் றேடியோவைக் கூட்டி வச்சம். றேடியோ ஏன் கூடப் போகுது எண்டு அதையும் கேட்டார்.

இப்பிடியே போய்க்கொண்டிருந்தாலும் காலம் போயிருக்கும். முருகன் வந்துதான் குழப்பினவர்.

எங்கட சனத்துக்கு ஒரு பழக்கம் இருக்கு. சாமிப்படத்தில வாடின மாலை, கும்பத்தில வச்ச மாவிலை, கிழிஞ்ச சாமிப்படம், இதுகளைக் குப்பை வாளியில போடமாட்டினம். கால் படாத இடத்திலதான் போடவேணும். ஊரில எண்டா குளம் இருக்கு, கிணத்தடி வாழை இருக்கு. வெள்ளவத்தை பிளட்டில என்ன இருக்கு, கடல்தான் இருக்கு. அதால எல்லாத்தையும் ஒரு சொப்பிங் பாக்கில போட்டு, மணம் வராமல் வாயை இறுக்கி மூண்டு முடிச்சுப் போட்டு, கல்லில ஏறி நிண்டு கடலுக்க எறிவினம். எறிஞ்சவை கும்பிட்டிட்டுத் திரும்பியும் பாராமல் போவினம். கடலுக்கு இந்தச் சைவ சமயம் ஒண்டும் விளங்காது. வாங்கினதை ஒண்டு ரெண்டு நாளில கொண்டந்து கரையில வச்சிட்டுப் போகும்.

மற்ற நேரத்தில எண்டா அது குப்பை. சண்டைக் காலத்தில, ஆற்றயோ தெரியாத, மூண்டு முடிச்சுப் போட்ட, உள்ளுக்கு என்னவோ கனமாக் கிடக்கிற பாக், அதுவும் ரெயில் றோட்டுக்குப் பக்கத்தில எண்டா, அதுக்குப் பேர் குப்பையில்லை.

ஒருநாள் காலமை அப்பிடி ஒரு பாக்கை ஆரோ கண்டு சொல்லிப்போட்டாங்கள். ரெயிலை மறிச்சு, கயிறு கட்டி, ஒழுங்கையில இருந்த அவ்வளவு தமிழரையும் வெயிலுக்க இறக்கி வரிசையா விட்டாங்கள். மத்தியானம் போல குண்டு பாக்கிற ஆக்கள் வந்து, நீளத் தடியால தள்ளி, பாக்கை வெட்டிப் பாத்தா, காஞ்ச செவ்வரத்தம்பூவும் ஒரு முருகன் கலண்டரும். முருகன்ர வேலுக்க தண்ணி பூந்து ஊதிப்போய்க் கிடந்தவர்.

"இது ஆற்ற?" எண்டு கேட்டு, அந்தப் படத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு ஒரு பொலிஸ்காரன் வரிசை நெடுக நடந்தான். எங்கட ஒழுங்கையில சஷ்டி பிடிக்காத வீடில்லை. ஆனா அண்டைக்கு ஒரு வீட்டிலயும் முருகன் இல்லை. எனக்கு முன்னால நிண்ட முன் பிளட் மாமி, நாங்கள் அம்மன் ஆக்கள் எண்டு கேக்காமலே சொன்னா. நான் எங்கட வீட்டில லட்சுமி மட்டும்தான், அவவும் எப்பவாவதுதான் வாறவ எண்டன். மனிசி காலில மிதிச்சா.

அவங்கள் போனாப் பிறகு வீட்டுக்கார ஐயா அனெக்ஸுக்குள்ள வந்து எங்கட சுவரை எல்லாம் பாத்தார். லட்சுமி நிண்டவ. பக்கத்தில ஒரு ஆணி மட்டும் சும்மா கிடந்தது. அதில தொங்கின எங்கட முருகன் அப்ப அரிசி வாளிக்க.

"இதில என்ன கிடந்தது?"

"குடை, ஐயா."

"குடையோ?"

"ஓம். மழை இல்லாத நேரம் அதில தொங்கும்."

"நான் இந்த வீட்டில இவ்வளவு காலம் இருக்கிறன். நீங்கள் வந்தாப் பிறகுதான் இதெல்லாம் நடக்குது. இன்னொரு பாக் அதில கிடந்து, பொலிஸ் வந்து என்ர கேற்றில கை வச்சா, எனக்கு வேற யோசினை இல்லை, தம்பி."

பாக்கைப் போட்டது நாங்கள் இல்லை. ஆனா அதை நம்பப்பண்ண ஒரு வழியும் இல்லை. இரவு முழுக்க மனிசி கூரைச் சீற்றைப் பாத்துக்கொண்டு கிடந்தா. விடியத்தான் சொன்னா, "போடுறவையைப் பிடிக்கேலாது. வாறதை எடுக்கலாம். பொலிஸ் காண முதல் நாங்கள் காணுவம்."

இப்பிடித்தான் எங்கட சமூக சேவை தொடங்கினது.

நான் கடையால வந்தவுடன போவம். நான் உரபாக்கைப் பிடிப்பன். மனிசி தும்புத்தடியோட வருவா. கடற்கரையைக் கூட்ட வெளிக்கிட்ட முதல் ஆள் உலகத்தில அவவாத்தான் இருக்கும். மூத்தவ ஒரு பொல்லால யோகட் கப், சோறு கட்டின லன்ச் சீற், பியர் போத்தல் எல்லாத்தையும் தட்டி ஒதுக்குவா, ரியூசன் பெடியள் கண்டிடுவாங்களோ எண்டு முகத்தைக் கடல் பக்கமே வச்சிருப்பா. சின்னவவுக்குச் செருப்பு. கடல் ஒருநாளும் சோடியாத் தராது. "அப்பா, இது ஒற்றைக்கால் மனிசர் மட்டும் குளிக்கிற கடலோ?" எண்டு உரத்துக் கேப்பா.

வெறும் மூண்டு முடிச்சு பாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போனா அது இன்னும் சந்தேகம் எண்டு சொன்னது மூத்தவ. அதால எல்லாக் குப்பையையும் எடுத்தம். இனி முடிச்சு பாக் கிடைச்சா அதை அப்பிடியே உரபாக்குக்க போடேலாது. உள்ளுக்கு என்ன எண்டு பாக்கவேணும். அதுக்குக் குடும்பத் தலைவர் நான். மனிசியும் பிள்ளையளும் பெரிய கல்லுக்குப் பின்னால போய் நிப்பினம். நான் தடியால ஒருக்காக் குத்துவன். பாக் ஒண்டும் செய்யாது. இன்னொருக்காக் குத்துவன். பேந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு முடிச்சை அவிழ்ப்பன். மற்றக் கண் ஏன் திறந்து கிடக்கு எண்டு இண்டைக்கு வரைக்கும் எனக்கு விளங்கேல்ல. பெரும்பாலும் மீன் குடல்தான் இருக்கும். ஒருக்கா ஆற்றயோ குழந்தைப்பிள்ளையின்ர நப்பி. அதுக்குக் குண்டே பரவாயில்லை.

"என்னப்பா, என்ன கிடக்கு?" எண்டு கல்லுக்குப் பின்னால இருந்து மனிசி கேப்பா.

"உயிர்தான் கிடக்கு. என்ர."

எண்டாலும் சாமிச் சாமான் கிழமைக்கு ஒருக்காவாவது வரும். அதைக் கண்டா எனக்கு ஒரே கேள்விதான். இதை ஆர் போடுறது. அதுக்குப் பிறகு எனக்கு ஒழுங்கையில நடக்கிற ஒருத்தரையும் நம்பேலாமல் போச்சு. ஆரெண்டாலும் கையில சொப்பிங் பாக்கோட கடல் பக்கம் திரும்பினா, தோசை கருகினாலும் பரவாயில்லை எண்டு கடை வாசலுக்கு ஓடிவந்து பாப்பன். முன் பிளட் மாமி ஒருநாள் பாக்கோட போனா. பின்னாலயே போனன். அவ ரெயில் றோட்டடியில நிண்டு பாக்கைத் திறந்து காகத்துக்குச் சோறு வச்சா. என்னைக் கண்டிட்டு, "என்ன தம்பி, பசிக்குதோ?" எண்டா.

எங்களையும் மற்றச் சனம் அப்பிடித்தான் பாத்தது. நாங்கள் குனிஞ்சு நிமிரேக்க பிளட்டுகளில ஜன்னல் திரைச்சேலை ஆடும். ஒருநாள் அவைக்குக் கையைக் காட்டினன். அடுத்த நாள் திரைச்சேலையை ஊசி குத்தி வச்சிருந்தினம். எல்லாத்துக்கும் மேல எங்கட வீட்டு மேல் ஜன்னல். அது எந்த நேரமும் ஒரு விரல் அகலத்துக்குத் திறந்திருக்கும். அந்த இடைவெளியில வீட்டுக்கார ஐயாவின்ர கண்ணாடி மினுங்கும். நாங்கள் அவற்ற அனெக்ஸைக் காப்பாத்தத்தான் பாடுபடுறம். அவருக்கு அது நாங்கள் எதையோ தேடுற மாதிரி.

இதுக்குள்ள இன்னொரு சிக்கல். பொறுக்கின சாமிப்படங்களை என்ன செய்யிறது. மற்றக் குப்பை முனிசிப்பல் வண்டிலுக்குப் போகும். சாமியைக் குப்பையோட போட மனிசி விடமாட்டா. திருப்பிக் கடலுக்க போடுவம் எண்டா.

"அம்மா, அது நாளைக்குத் திரும்பி வரும்" எண்டா மூத்தவ.

"வந்தாத் திருப்பிப் போடுவம்."

"அப்ப நாங்களும் போடுற ஆக்கள்தானே?"

அதோட கடல் யோசினையை விட்டிட்டுப் படங்களை ஒரு பிஸ்கட் பெட்டியில போட்டுக் குசினிக்குப் பின்னால வச்சம். பெட்டி நிரம்பி, ரெண்டாம் பெட்டியும் நிரம்பிக்கொண்டு வந்தது. ஒரு சண்டைக் காலத்துத் தமிழன்ர குசினிக்குப் பின்னால கட்டி வச்ச பெட்டி. வீட்டுக்கார ஐயா பின்பக்கம் வாறதும் பெட்டியைப் பாக்கிறதும் போறதுமா இருந்தார். கேக்கவும் இல்லை. அவர் கேக்காததுதான் எனக்குக் கூடப் பயம்.

மனிசி கடைசியாச் சொன்னா, "மண்ணுக்க தாப்பம். மண்ணும் சுத்தம்தானே, காலும் படாது." தண்ணிக் கரையில தாட்டா அலை கிண்டிப்போடும். அதால கொஞ்சம் இஞ்சால, அலை வராத பக்கம் புதைக்கவேணும். அலை வராத பக்கம் எண்டா ரெயில் றோட்டுப் பக்கம். அந்த நேரம் எங்கள் நாலு பேற்ற மண்டையிலயும் இது சரியான யோசினையாத்தான் பட்டது. மூத்தவ ரியூசனுக்குப் போறவ, அவவும் சரியெண்டுதான் சொன்னா.

இனி நீங்களே யோசிச்சுப் பாருங்கோ. பொழுது சாயுற நேரம். ஐ.சி.யில யாழ்ப்பாணம் எண்டு கிடக்கிற ஒருத்தன், தண்டவாளத்துக்குக் கிட்ட, மண்வெட்டியால கிடங்கு கிண்டுறான். பக்கத்தில ரெண்டு பெட்டி. மனிசியும் பிள்ளையளும் நாலு பக்கமும் ஆர் வருகினம் எண்டு பாத்துக்கொண்டு நிக்கினம். ஒபிஸ் ரெயில் ஒண்டு ஆக்கள் தொங்கத் தொங்கப் போகுது. வாசலில தொங்கினவை அவ்வளவு பேரும் என்னைப் பாக்கினம். நான் என்ன செய்தன் எண்டா, மண்வெட்டியை உயர்த்திக் காட்டினன். மரியாதைக்கு.

ரெயில் சத்தம் அடங்க முதல் கொஞ்சம் தள்ளி இருந்த பொலிஸ் காவல் சென்றியில இருந்து ரெண்டு பேர் ஓடிவந்தாங்கள். முன்னால வந்தவன் சார்ஜன், வயித்தைப் பிடிச்சுக்கொண்டு ஓடினான். பின்னால வந்த கொன்ஸ்ரபிள் துவக்கை நீட்டிக்கொண்டு வந்தான். மனிசி பிள்ளையளை இழுத்து அணைச்சா. நான் மண்வெட்டியைக் கீழ போட்டிட்டுக் கையைத் தூக்கினன்.

"மொகத மே?" எண்டு கத்தினான். என்னது இது எண்டு.

"குணு, மாத்தையா" எண்டன். குணு எண்டா குப்பை, மாத்தையா எண்டா ஐயா. கடையில ஒருநாளைக்குப் பத்துத்தரம் சொல்லுற சொல்லு.

குப்பைக்கு ஏன் கிடங்கு எண்டு கேட்டான். எனக்கு அதுக்குச் சிங்களம் இல்லை. பெட்டியைக் காட்டி, சாமி எண்டதைச் சொல்லுவம் எண்டு, "தெய்யோ" எண்டன். முதல் சொன்னதும் வாயில நிண்டதால ரெண்டும் சேர்ந்து வந்திட்டுது. "தெய்யோ குணு, மாத்தையா." கடவுள் குப்பை எண்டு ஒரு பொலிஸ்காரனிட்டச் சொல்லிக்கொண்டு நிக்கிறன்.

அவன்ர முகம் கறுத்துப்போச்சு. பெட்டியை நீயே திற எண்டு கையால காட்டினான். கொன்ஸ்ரபிள் பெரிய கல்லுக்குப் பின்னால போய் நிண்டான். அந்த இடம் எங்கட குடும்பத்து இடம். நான் ஒண்டொண்டா எடுத்து மண்ணில வச்சன். ஒரு லட்சுமி, தும்பிக்கை போன பிள்ளையார், நிறம் கழண்ட சரஸ்வதி. அடியில ஒரு முருகன், கண்ணாடி இல்லாத பிறேமோட, மயிலும் வேலும் வள்ளி தெய்வானையும் வடிவாத் தெரியிற படம்.

சார்ஜன் தொப்பியைக் கழட்டினான். "கதிர்காம தெய்யோ" எண்டான், குரலே மாறிப்போச்சு. சிங்களச் சனமும் முருகனைக் கதிர்காமத்துக் கடவுள் எண்டு கும்பிடுறவை. குனிஞ்சு முருகனை எடுத்துக் கையால மண்ணைத் தட்டினான். தப்பிட்டன் எண்டு நினைச்சன். அவன் நிமிந்து முந்தியைவிடக் கோபமாக் கேட்டான், கதிர்காமக் கடவுளைக் குப்பையோட சேத்துப் புதைக்கிறியோ எண்டு. குண்டு எண்டு பிடிச்சிருந்தா ஒரு வழக்கோட போயிருக்கும்.

அப்பத்தான் மூத்தவ கதைச்சா. நான் கண்ணால வேண்டாம் எண்டு காட்டினன், அவ பாக்கேல்ல. எறிஞ்சது நாங்கள் இல்லை, கடலில வந்தது, குப்பையோட போடக்கூடாது எண்டுதான் மண்ணுக்க வைக்கிறம் எண்டு சிங்களத்தில சொன்னா. சார்ஜன் கேட்டுக்கொண்டு நிண்டான். பேந்து மெதுவா, வீடு எங்க எண்டு கேட்டான்.

இதுதான் நான் பயந்த கேள்வி. துவக்குக்குக்கூட நான் அவ்வளவு பயப்பிடேல்ல. வீட்டைக் காட்டினா கேற்றைத் தட்டுவான். கேற்றைத் தட்டினா நாளைக்கு லொட்ஜ்.

"காலி றோட்டு" எண்டன்.

"காலி றோட்டில எங்க?"

"நீட்டுக்கும்" எண்டன்.

மனிசி முதுகில கிள்ளினா. சார்ஜன் கண்ணைச் சுருக்கினான். அந்த நேரம் எங்கட சின்னவ, ஒரு சொல்லுச் சிங்களம் தெரியாதவ, கையை நீட்டி உரத்துச் சொன்னா, "அந்தா எங்கட வீடு. மேல ஜன்னல்ல ஒளிச்சு நிக்கிறது வீட்டுக்கார அங்கிள்."

எல்லாரும் திரும்பிப் பாத்தம். ஜன்னல் டக்கெண்டு சாத்துப்பட்டுது.

"ஏன் சாத்துறான்?" எண்டு சார்ஜன் கேட்டான். கொன்ஸ்ரபிளைப் பாத்துத் தலையை ஆட்டினான், போய்க் கூட்டிக்கொண்டு வா எண்டு.

கொன்ஸ்ரபிள் தண்டவாளத்தைக் கடந்து போறதை நாங்கள் நாலு பேரும் பாத்துக்கொண்டு நிண்டம். மனிசி ஏதோ முணுமுணுத்தா, எந்தச் சாமியைக் கூப்பிட்டா எண்டு தெரியேல்ல, எல்லாரும் மண்ணில கிடந்தவை. அவன் கேற்றடிக்குப் போய்க் கையைத் தூக்கினான். தட்ட முதல் கேற் திறந்தது. ஐயா வெளிய வந்தார். நீளக் காற்சட்டை, சப்பாத்து, தலை வாரி இழுத்தபடி. அவரும் என்னைப் போலத்தான் எந்த நேரமும் ஆயத்தமா இருந்திருக்கிறார் எண்டு அண்டைக்குத்தான் கண்டன்.

வந்து நிண்டவர் என்னைப் பாக்கேல்ல. சார்ஜனைப் பாத்து நல்ல சிங்களத்தில கதைச்சார். மூத்தவ என்ர காதுக்க மெல்லச் சொல்லிக்கொண்டு நிண்டா.

"அப்பா, உங்களைத் தன்ர மருமகன் எண்டு சொல்லுறார்."

"ஆரை?"

"உங்களைத்தான். தான்தான் கடற்கரையைக் கூட்டச் சொன்னதாம். உங்களுக்கு மூளை கொஞ்சம் மட்டாம்."

"அதை ஏன் சொல்லுறார்?"

"சார்ஜன் அதை மட்டும் உடன நம்பிட்டார்."

சார்ஜன் கையில கிடந்த முருகனைக் காட்டி, இது ஆற்ற எண்டு கேட்டான். ஐயா படத்தைப் பாத்தார். பேந்து ரெண்டு கையாலயும் வாங்கி நெஞ்சோட வச்சுக்கொண்டு, எங்கட வீட்டுப் படம்தான், தண்ணி பட்டுப் பழுதாப்போச்சு எண்டார். பொய் சொல்லுறார் எண்டு நான் நினைச்சன். மனிசி என்னைப் பாத்தா. அவவின்ர பார்வை வேற மாதிரி இருந்தது.

சார்ஜன் எங்கட ஐ.சி.யை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தான். கடைசியா, குப்பை எடுக்கிறது நல்லதுதான், ஆனா கிடங்கு கிண்டக்கூடாது, இருட்ட முதல் முடிக்கவேணும், பெரிய மாத்தையாவும் கூட வந்து நிக்கவேணும் எண்டான். நாளைக்கும் தான் அந்தச் சென்றியிலதான் நிப்பன், வந்து பாப்பன் எண்டும் சொன்னான்.

வீட்டை வந்து மனிசி கதவைச் சாத்தினவுடனயே, "அது அவற்ற முருகன்தான்" எண்டா.

"எப்பிடித் தெரியும்?"

"அந்தாள் அந்தப் படத்தைப் பிடிச்ச பிடியைப் பாக்கேல்லையே? மற்றவையின்ர சாமியை அப்பிடி ஒருத்தரும் பிடிக்கமாட்டினம்."

"அப்ப வெயிலுக்க எங்களை நிப்பாட்டின முருகன்?"

"அதுக்கு நான் பொறுப்பில்லை. ஆனா உங்களுக்கு மூளை மட்டு எண்டது எப்பிடி உடன வாயில வந்தது? கனநாளா யோசிச்சு வச்சிருக்கிறார்."

அந்தக் கதை முடிய முதல் கதவில தட்டு. ஐயாதான். உள்ளுக்கு வந்து நிண்டுகொண்டே சொன்னார், "தம்பி, நான் முதலே சொன்னனான். வேற இடம் பாருங்கோ."

"ஐயா, அவன் கேற்றைத் தட்டேல்லையே. நீங்கள்தானே திறந்தனீங்கள்."

"உந்தப் பகிடியை விடும்."

"பாக்கிறன், ஐயா. ஆனா நாளைக்குச் சார்ஜன் வந்து மருமகன் எங்க எண்டு கேட்டா?"

அவர் கதவை எட்டிப் பாத்தார்.

"மருமகன் ஓடிட்டான் எண்டு சொன்னா, ஏன் ஓடினவன் எண்டு கேப்பான்" எண்டன்.

ஐயா எங்கட வீட்டில முதல் தரம் கதிரையில இருந்தார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். மனிசி பிளேன் ரீ கொண்டந்து குடுத்தா. அவர் அதை மணந்து பாத்தார், பேந்து குடிச்சார்.

"பொலிஸில பதிஞ்ச பேப்பரில நீங்கள் வாடகைக்கு இருக்கிற ஆக்கள்" எண்டார் மெல்லமா. "நான் வாயால மருமகன் எண்டிட்டன். ரெண்டையும் சேத்துப் பாத்தாங்கள் எண்டா உமக்கு மட்டுமில்லை, எனக்கும்தான்."

"அப்ப நான் ஆர், ஐயா?" எண்டு மனிசி கேட்டா.

"நீர் மருமகன்ர மனிசி. என்ர தமக்கையின்ர மகன் இவர். ஆரும் கேட்டா எல்லாரும் ஒண்டைத்தான் சொல்லவேணும்." பேந்து சின்னவவைப் பாத்தார். "நீர் ஒண்டும் சொல்லவேண்டாம்."

அடுத்த நாள் பின்னேரம் நான் கடையால வர முதலே ஐயா கேற்றடியில நிக்கிறார். சப்பாத்து, கையில குடை. "வாரும் மருமோன்" எண்டார், பல்லுக்குள்ள. சென்றியில சார்ஜன் நிண்டான். ஐயா குடையைத் தூக்கிக் காட்டினார். நான் எதையும் தூக்கிக் காட்டேல்ல.

அண்டைக்குப் பிறகு சாமி பாக் வாறது நிண்டிட்டுது. ஒண்டில் போட்டது அவர். இல்லாட்டி அவர் நிக்கிறதைக் கண்டு போட்டவை பயந்திச்சினம். மனிசி முதலாவது எண்டா. நான் ஒருநாளைக்கு ஒண்டை நினைப்பன். அவரிட்டக் கேக்க எனக்குத் துணிவில்லை, அனெக்ஸ் அவற்ற. எங்களைப் போகச் சொல்ல அவருக்கும் துணிவில்லை, நான் அவற்ற மருமகன். நாங்கள் பொறுக்கப் பொறுக்க அவர் பின்னால வந்து உரபாக்குக்க எட்டிப் பாப்பார். அவர் கல்லுப் பக்கம் ஒதுங்கினா நான் அவற்ற கையைப் பாப்பன்.

ஒருநாள் நான் எடுத்துப் போட்ட ஐஸ்கிறீம் கப் ஒண்டை உரபாக்குக்க இருந்து ரெண்டு விரலால தூக்கி எடுத்தார்.

"இதைத் திறந்து பாத்தனீரோ?"

"ஐயா, அது மூடி இல்லாத கப்."

"அதுதான் கேக்கிறன். மூடி எங்க?"

சென்றிப் பக்கம் ஒருக்காத் திரும்பிப் பாத்தார். நானும் பாத்தன். பேந்து அவர், நான், மனிசி, பிள்ளையள், எல்லாருமாக் குனிஞ்சு மூடியைத் தேடத் தொடங்கினம்.